கேளாத இசைக்கு ஒலித்த கைத்தட்டல்

திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்று பெயர். அங்கே அச்சொல் கேட்டறிதலைக் குறிக்கிறது. இன்றோ நாம் அதனை வினவுதல் என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகிறோம். இவ்விரு பொருளும் ஒருங்கே வாய்க்க வேண்டிய துறை ஒன்று உண்டெனில் அது இசைத்திறனாய்வே ஆகும். முதலில் கேட்க வேண்டும். கேட்டதைக் குறித்து வினவ வேண்டும். அதன் பின்னரே பாராட்டோ மறுப்போ பிறக்க வேண்டும். மேலைச் செவ்விசை, அதிலும் சிம்பொனி என்னும் பெரும் இசைக்குழுவின் இசை, தமிழரிடையே பேசப்படும்பொழுது இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் கைத்தட்டுகிறோம், கேட்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம், வினவுவதற்கோ நமக்குப் பொழுதே வாய்ப்பதில்லை.

இது மிகைக்கூற்று என்று வாசகர்கள் எண்ணலாகாது. 1993-ஆம் ஆண்டு இசையமைப்பாளர் இளையராசா இலண்டன் சென்று, புகழ்பெற்ற ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு ஒரு சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தார். ஜான் ஸ்காட் என்பவர் அதனை நடத்தினார். தமிழ்நாடு மகிழ்ச்சியில் திளைத்தது. பாராட்டுரைகளும் தலையங்கங்களும் குவிந்தன. ஆயினும் அந்த ஒலிப்பதிவு விற்பனைக்கு வரவில்லை. அதைப் போற்றியவருள் மிகப் பலர் அதில் ஒரு நொடியையும் கேட்டவரல்லர். ஆண்டுகள் உருண்டோடியபோதும் அந்தப் புகழ்ச்சி மட்டும் குறையவில்லை. கேளாத இசைக்கு இத்தனை நீண்ட கைத்தட்டலை வழங்கிய மக்கள் உலகில் வேறெங்கேனும் உண்டோ என்பது ஐயமே.

இதில் இசையமைப்பாளரின் பிழை ஏதும் இல்லை. பண்ணைப்புரத்து எளிய குடியில் பிறந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசைக்குறிப்பைக் கற்று, பாக்கையும் தியாகராசரையும் ஒரே மூச்சில் வணங்கி 1986-இல் 'ஹௌ டு நேம் இட்?' என்னும் இசைத்தொகுப்பை ஆக்கிய ஒருவரின் உழைப்பு பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. பிழை நம் செவியில் இருக்கிறது. பெருமிதம் நல்லதொரு உணர்ச்சியே. ஆனால் அது கேட்டலின் இடத்தை எடுத்துக்கொள்ளும்போது, நாம் போற்றும் கலைஞனுக்கே அநீதி இழைக்கிறோம். அவன் நம்மிடம் வேண்டியது மாலையன்று, செவி.

சாம்பவர் வடகரையின் மகன்

நம் சுரண்டை வட்டாரத்தார் இதைச் சிந்திப்பதற்குத் தனியுரிமையே உண்டு. நமக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, சித்த மருத்துவராகத் தஞ்சையில் புகழும் பொருளும் ஈட்டி, அப்பொருளைத் தமிழிசை ஆராய்ச்சிக்கே செலவிட்டவர். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் ஆயிரம் பக்கங்களைக் கடந்த 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். கிறித்தவராகிய அவர் சிலப்பதிகாரத்தின் இசைக்குறிப்புகளைத் தம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகக் கொண்டார். மேலை இசையையும் கற்றுத் தேர்ந்திருந்தார்.

ஒரு தானத்தில் 22 சுருதிகள் உண்டு என்பது பழைய வடநூல் மரபின் துணிபு. பண்டிதர் அதனை மறுத்து, சம அளவான 12 சுரங்களும் அவற்றின் இருமடங்காகிய 24 சுருதிகளுமே தமிழிசைக்கு உரியவை என வாதிட்டார். அவர் கூறிய சம அளவான 12 சுரங்களே பியானோவின் கட்டைகளுக்கும் அடிப்படை என்பது கருதத்தக்கது. அவர் முடிவு சரியா, அன்றா என்பதை இசையறிஞர் இன்றும் ஆராயட்டும். நாம் இங்கே கருதுவது அவர் கையாண்ட முறையையே. 1916-இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிற்கு அவர் ஏட்டுச் சான்றுகளோடு மட்டும் செல்லவில்லை. தம் குடும்பத்துப் பெண்மக்களை உடன் அழைத்துச் சென்று, வீணையின் வாயிலாகத் தம் கூற்றை அவையோரின் செவிக்கு மெய்ப்பிக்க முனைந்தார். இசையைப் பற்றிய எந்தக் கூற்றும் இறுதியில் செவியின் முன் வந்து நின்றே தீரவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பண்டிதர் பிறந்த மண்ணில் வாழும் நாம், கேளாமலே தீர்ப்பெழுதுவது தகுமோ?

தமிழில் இசைத்திறனாய்வே இல்லை என்றும் கூறிவிட முடியாது. 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் கல்கி எழுதியவையும், சுப்புடு பல்லாண்டுகள் எழுதியவையும் பாடகர்களை அஞ்சவும் திருந்தவும் வைத்தன. கருநாடக இசைக் கச்சேரியைக் குறித்து, 'ஆலாபனை நீண்டுவிட்டது', 'நிரவலில் சொல் சிதைந்தது' என்றெல்லாம் எழுதத் தெரிந்த நம் மொழி, எண்பது பேர் கூடி வாசிக்கும் இசையைக் கண்டவுடன் 'பிரம்மாண்டம்' என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. இச்சொல் இசையின் அளவைக் குறிக்கிறதே அன்றி அதன் தன்மையைக் குறிக்கவில்லை.

மேடையும் தட்டும்

இசைக்குழுவின் இசையை நாம் இருவகையில் பெறலாம். ஒன்று, அரங்கில் நேரில் கேட்பது. மற்றது, ஒலிப்பதிவில் கேட்பது. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது தவறு.

அரங்கில் இசை ஒரே ஒருமுறைதான் நிகழ்கிறது. வயலின் வில்கள் யாவும் ஒருசேர எழுந்து தாழ்வதையும், ஓபோக்காரர் மூச்சை இழுத்து நிறுத்துவதையும், நடத்துநரின் இடக்கை ஓசையை அடக்குவதையும் கண் காண்கிறது. டபுள் பாஸ்களின் அடிநாதத்தை நாற்காலி வழியாக உடம்பே உணர்கிறது. பிழைகள் திருத்தப்படுவதில்லை. அரங்கின் சுவரும் கூரையும் கூட இசைக்கருவிகளாகிவிடுகின்றன. எனவே நேரிசைக்கு மதிப்புரை எழுதுபவர், எந்த அரங்கில், எவ்விடத்தில் அமர்ந்து, ஒலிபெருக்கியுடனா அது இன்றியா கேட்டார் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

ஒலிப்பதிவோ வேறு வகையானது. அது பலமுறை வாசிக்கப்பட்டுச் சிறந்த பகுதிகள் ஒட்டப்பட்டதாக இருக்கலாம். ஆயினும் அதற்கொரு பெருஞ்சிறப்பு உண்டு: வாசகர் அதைத் தாமும் கேட்டு, மதிப்புரையாளர் சொன்னது மெய்யா என்று சரிபார்க்கலாம். 1923-இல் இலண்டனில் 'தி கிராமஃபோன்' என்னும் இதழைத் தொடங்கி, இசைத்தட்டு மதிப்புரை என்பதைத் தனித்துறையாக வளர்த்தவர் காம்ப்டன் மெக்கன்சி என்னும் நாவலாசிரியர். 1914-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தவர் அவர் என்பது நம் வாசகர்க்கு ஓர் இனிய செய்தியாக இருக்கும்.

ஒலிப்பதிவு மதிப்புரையின் உயிர் ஒப்பீட்டில் உள்ளது. பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பின் இடிபாடுகளாய்க் கிடந்த பெர்லினில், 1947 மே மாதம் ஃபுர்ட்வெங்லர் அதனை நடத்தினார். அவ்விசை ஒலிப்பதிவாக நமக்குக் கிடைக்கிறது. 1970-களின் நடுவில் கார்லோஸ் கிளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு அதே சிம்பொனியைப் பதிவு செய்தார். தாளில் இருக்கும் குறிப்புகள் ஒன்றே. ஆனால் தொடக்கத்தின் அந்த நான்கு சுர முழக்கத்தை ஃபுர்ட்வெங்லர் ஒரு தீர்ப்பைப் போல் நிறுத்தி நீட்டுகிறார்; கிளைபரோ துரத்தப்படுபவனின் நெஞ்சுத்துடிப்பைப் போல் அதனை முன்னோக்கித் தள்ளுகிறார். ஒருவர் கேட்பவரை நிற்க வைக்கிறார். மற்றவர் ஓட வைக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட ஒருவர், இசை எதுவும் அறியாதவராயினும், 'நடத்துநர் அங்கே நின்று என்னதான் செய்கிறார்?' என்று பிறகு ஒருபோதும் கேட்கமாட்டார்.

இன்னுமொரு நடைமுறைச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். நான்கு தந்திகள் கொண்ட டபுள் பாஸ் கருவியின் அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளில் ஒலிக்கிறது. செல்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அத்தனை தாழ்ந்த ஒலியை உள்ளபடி தர இயலாது. அதில் சிம்பொனி கேட்பவர் அடித்தளம் இல்லாத வீட்டைப் பார்வையிட்டவரே. காதில் பொருத்தும் நல்ல கருவி ஒன்றேனும் இன்றி ஒலிப்பதிவைக் குறைகூறுவதும் புகழ்வதும் நேர்மையாகாது.

திருவாசகம்: ஒரு மதிப்பீடு

இனி, நாம் பலமுறை கேட்டுப் பழகிய ஓர் ஒலிப்பதிவுக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டு வெளிவந்த 'சிம்பொனியில் திருவாசகம்' தமிழர் இசை வரலாற்றில் ஒரு திருப்பம். எட்டாம் திருமுறையாகிய சைவ நூலுக்கு இளையராசா இசையமைத்தார். அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. லாஸ்லோ கோவாச் நடத்தினார். இம்முயற்சியை முன்னின்று நடத்தியது தமிழ் மையம். அதன் தலைமையில் இருந்தவர் அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜ். மணிவாசகரை 1900-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் பெயர்த்தளித்த ஜி. யு. போப், நம் தென்பாண்டிச் சீமையின் சாயர்புரத்தில் பணியாற்றிய கிறித்தவக் குருவே என்பதை எண்ணும்போது, ஒரு நூற்றாண்டு கழிந்து அதே பாதையில் மற்றொரு குரு நடந்ததை நாம் மகிழ்வோடு நினைக்கலாம். ஆயினும் நல்லெண்ணம் வேறு, நல்லிசை வேறு. இசையை இசையாகவே மதிப்பிடுவோம்.

முதலில் பெயர். சிம்பொனி என்பது, பொதுவாகக் குரலின்றிக் கருவிகளுக்கே எழுதப்படும், பெரும்பாலும் நான்கு பகுதிகளைக் கொண்ட வடிவம். அதில் ஒரு சிறு இசைக்கரு தோன்றி, பிளவுபட்டு, வேற்று நிலங்களில் அலைந்து, மாறிய முகத்தோடு வீடு திரும்பும். பெத்தோவன் 1824-இல் தம் ஒன்பதாம் சிம்பொனியில் பாடகர் குழுவைச் சேர்த்தார் என்பது உண்மையே. அங்கும் இசைக்கருவின் வளர்ச்சியே கட்டடத்தைத் தாங்குகிறது. திருவாசகத் தட்டில் உள்ளவை ஆறு பாடல்கள். சிவபுராணம், திருக்கோத்தும்பி, யாத்திரைப் பத்து, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகியவற்றிலிருந்து தேர்ந்த பகுதிகள் அவை. தனிக்குரல், பாடகர் குழு, பெரும் இசைக்குழு ஆகிய மூன்றும் கூடி, மேடை நடிப்பின்றிச் சமயப் பொருளைப் பாடும் இவ்வடிவத்திற்கு 'ஒரட்டோரியோ' என்பதே பொருந்தும் பெயர். ஹேண்டலின் 'மெசாயா'வும் ஹைடனின் 'படைப்பு'ம் இவ்வினத்தைச் சேர்ந்தவை. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிம்பொனி என்று கருதிக் கேட்பவர் அங்கே இல்லாததைத் தேடி ஏமாறுவார். ஒரட்டோரியோ என்று கருதிக் கேட்பவர் அங்கே இருப்பதைக் கண்டு நிறைவடைவார். தவறான பெயர் இப்படைப்பிற்குத் தீங்கே செய்தது.

இத்தொகுப்பின் சிகரம் சிவபுராணத்துப் பகுதியே. ஏறத்தாழ 20 நிமிடங்கள் நீளும் இப்பாடல், தன் தகுதியின்மையை அறிக்கையிடும் ஆன்மாவின் தனிக்குரலை மையமாகக் கொண்டது. புல்லும் பூடும் புழுவும் மரமும் எனப் பிறவிதோறும் அலைந்து இளைத்த உயிரின் கூக்குரல் அது. இளையராசா அதனைத் தாமே பாடுகிறார். அக்குரல் மேலைப் பாடகரின் வட்டமான, மெருகேறிய குரலன்று. மண்ணின் கரகரப்பு அதில் மாறாமல் இருக்கிறது. ஐரோப்பியப் பாடகர் குழுவின் அடுக்கடுக்கான ஒத்திசைவுக்கு நடுவே அது தனித்து நிற்கிறது. அந்தத் தனிமைதான் பாடலின் பொருள்; பலர் கூடிப் பாடும் இடத்தில் ஒருவன் மட்டும் 'நான் தகுதியற்றவன்' என்று நிற்கிறான். திருப்பாடல் 51-ஐத் தவக்காலத்தில் பாடிப் பழகிய கத்தோலிக்கச் செவி இந்நிலையை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். குரலின் குறையையே பாடலின் நிறைவாக்கிய இந்த முடிவு, இசையமைப்பாளரின் மேதைமைக்குச் சான்று.

இனி நம் மாறுபாடு. இதே பாடலின் இடையிடையே ஆங்கில வரிகள் வருகின்றன. அவற்றை ஆக்கியவர் அமெரிக்காவின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். மத்தேயு நற்செய்தியைத் தழுவி 1971-இல் மேடையேறிய 'காட்ஸ்பெல்' என்னும் இசைநாடகத்தின் பாடல்களை எழுதியவர். கைதேர்ந்த மேடைக் கவிஞர். அங்கேதான் இடர்ப்பாடும் தொடங்குகிறது. தமிழ் வரிகளில் ஆன்மா இறைவனை நோக்கிப் பேசுகிறது. ஆங்கில வரிகள் வரும்போது அதே ஆன்மா அவையோரை நோக்கித் திரும்பிவிட்டது போன்ற உணர்வு எழுகிறது. கோயிலில் நின்றவன் நாடக மேடைக்கு வந்துவிடுகிறான். உலகோர்க்கு விளங்க வேண்டும் என்னும் நோக்கம் புரிகிறது. ஆனால் பாக்கின் செருமானியப் பாடுகளின் இசையை மொழியறியாமல் கேட்டு உலகம் கண்ணீர் விடவில்லையா? தன் மொழியிலேயே உறுதியாக நிற்கும் இசை, மொழி கடந்தும் சென்று சேரும். மணிவாசகருக்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பது நம் துணிபு.

திருப்பொற்சுண்ணம், மகளிர் கூடிச் சுண்ணம் இடிக்கும் பாட்டு. பெண்குரல்கள் சேர்ந்தொலிக்கும்போது உலக்கையின் தாளம் செவிக்குள் விழுகிறது. நாட்டுப்புறத் தாளத்தை மேலை இசைக்குழு தாங்கிச் செல்ல இயலும் என்பதை இப்பாடல் ஐயமற நிறுவுகிறது. நம் ஊர் வயல்களில் நடவுப் பாட்டுக் கேட்ட பாட்டிமாருக்கு இதனை விளக்கவே தேவையில்லை. அச்சப்பத்து வேறு வகையான சோதனை. பாம்புக்கும் பொய்யர் சொல்லுக்கும் அஞ்சாத புலவர், இறையன்பு இல்லாதவரைக் கண்டால் மட்டும் அஞ்சுகிறார். பாட்டுக்குப் பாட்டு அஞ்சாமை அடுக்கப்பட்டு இறுதியில் அச்சம் வெளிப்படும் இத்திருப்பமே பதிகத்தின் உயிர். இசை அதனை விறுவிறுப்பாகக் கொண்டுசெல்கிறது. ஆனால் அத்திருப்பத்தில் ஒரு கணம் அமைதி காத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நமக்குத் தோன்றுகிறது. அச்சத்தை அச்சமாகக் கேட்க நமக்கு இடம் தரப்படவில்லை.

ஒலிப்பதிவின் தன்மை குறித்தும் ஒன்று. தனிக்குரல் நம் காதருகே ஒலிக்கிறது; இசைக்குழுவோ சற்று எட்டத்தில் ஒலிக்கிறது. திரைப்பாடல் கேட்டுப் பழகிய நமக்கு அது இயல்பாகப் படலாம். ஆயின் ஒரட்டோரியோவில் குரலும் குழுவும் ஒரே காற்றைச் சுவாசிக்க வேண்டும். இப்படைப்பு ஒரு பெரிய பேராலயத்தில், ஒலிபெருக்கியின்றி, பாடகரும் குழுவும் அருகருகே நின்று நிகழ்த்தப்படுவதைக் கேட்க வேண்டும் என்னும் ஆவலை இத்தட்டு நம்முள் கிளர்த்துகிறது. குறைகள் இருப்பினும், இத்தகைய ஆவலை எழுப்பும் ஒலிப்பதிவு வெற்றி பெற்றதே.

இலண்டன் மாலை

2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனின் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராசாவின் முதலாம் சிம்பொனியாகிய 'வேலியண்ட்' அரங்கேறியது. நான்கு பகுதிகள் கொண்ட அதனை ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் இசைக்குழு வாசிக்க, மிக்கேல் டாம்ஸ் நடத்தினார். 81 அகவையில் ஒருவர் முழுச் சிம்பொனி ஒன்றை எழுதி அரங்கேற்றுவது அரிய செயல். தமிழக அரசும் அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையில் அவருக்குப் பெருவிழா எடுத்தது. அந்த இலண்டன் மாலையில் நாம் அவ்வரங்கில் இருக்கவில்லை. ஆகவே அவ்விசையின் தரம் குறித்து ஒரு சொல்லும் இங்கே எழுதப்போவதில்லை. 1993-இல் தமிழ் ஏடுகள் கடைப்பிடித்திருக்க வேண்டிய நோன்பை நாமேனும் கடைப்பிடிப்போம். ஆனால் அதைச் சுற்றி எழுந்த ஆரவாரத்தைக் குறித்து எழுதலாம். அது நம் காதில் நன்றாகவே விழுந்தது.

'ஆசியாவின் முதல் சிம்பொனி' என்றனர் சிலர். சப்பானின் யமாடா கோசாக்கு 1912-லேயே சிம்பொனி எழுதிவிட்டார். 'இலண்டனில் அரங்கேறிய முதல் இந்தியச் சிம்பொனி' என்றனர் வேறு சிலர். 2010 சூலை 1-ஆம் நாள் இலண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் ரவிசங்கரின் சிம்பொனியை இலண்டன் ஃபில்ஹார்மோனிக் குழு அரங்கேற்றியது. அதன் ஒலிப்பதிவும் வெளிவந்துள்ளது. வயலின் மேதை எல். சுப்பிரமணியத்தின் படைப்பை 1985-இல் சூபின் மேத்தா நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு நிகழ்த்தினார். ரவிசங்கரின் சிம்பொனியில் சித்தாரே தலைமைக் கருவி. இளையராசா மேலை இசைக்குழுவின் கருவிகளுக்கே எழுதினார் என்று வேறுபடுத்திக் காட்டுவது நியாயம். அத்தகைய வேறுபாடே திறனாய்வு. 'முதல்' என்னும் சொல்லோ வரலாற்றை மறைக்கும் திரை.

ஏறத்தாழ ஐந்து வாரங்களில் எழுதி முடித்தார் என்பதும் பெரிதாகப் பேசப்பட்டது. ஹேண்டல் 'மெசாயா'வை 1741-இல் 24 நாள்களில் எழுதினார். பிராம்ஸ் தம் முதல் சிம்பொனியை 1876-இல் முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். இரண்டும் அழியாதவை. எத்தனை நாளில் சமைத்தார் என்று விருந்தினன் கேட்பதில்லை. சோற்றின் சுவையைத்தான் சொல்கிறான்.

அரங்கைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஈவென்டிம் அப்பல்லோ 1932-இல் திரைப்பட அரங்காகக் கட்டப்பட்டு, பின்னர் மெல்லிசை நிகழ்ச்சிகளுக்குப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 3,500 பேர் அமரலாம். இதைக் குறையாகச் சொல்வாரும் உளர். 1947-இல் ஃபுர்ட்வெங்லர் பெர்லினில் மீண்டும் மேடையேறியதும் டிட்டானியா பலாஸ்ட் என்னும் திரைப்பட அரங்கில்தான் என்பதை அவர்கள் நினைவிற் கொள்வார்களாக. அதுபோலவே, பகுதிகளுக்கிடையே கைத்தட்டலாகாது என்னும் வழக்கமும் அண்மைக்காலத்தது. 1778-இல் பாரிசில் தம் சிம்பொனி நடந்துகொண்டிருக்கும்போதே அவையோர் கைத்தட்டியதை மோட்சார்ட் மகிழ்ச்சியுடன் தந்தைக்கு எழுதினார். நல்ல இடத்தில் 'சபாஷ்' சொல்லிப் பழகிய தமிழவை நாணவேண்டியதில்லை. கேட்டபின் எழும் கைத்தட்டலை நாம் என்றும் மறுக்கவில்லை.

நம் பாடகர் குழுக்கள்

இவையெல்லாம் சுரண்டைக்கு என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. நம் ஆலயத் திருவிழாக்களில் தேர்ப்பவனிக்கு முன் செல்லும் பேண்டு வாத்தியக்காரரின் கையிலிருக்கும் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சிம்பொனிக் குழுவின் கருவிகளே. முத்துசாமி தீட்சிதர் மேலை மெட்டுகளைக் கேட்டு அவற்றிற்கு வடமொழியில் சொல்லமைத்தார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஆங்கிலேயரிடமிருந்து வந்த வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்து, நம் எட்டயபுரத்து அரண்மனையில் விளங்கினார். எனவே மேலை இசை நமக்கு அந்நியம் என்பதற்கு வரலாறு இடம் தரவில்லை.

ஆனால் இன்று நம் பங்குகள் பலவற்றில் நிகழ்வது என்ன? சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் எனப் பிரிந்து பாடிய பாடகர் குழுக்கள் அருகிவருகின்றன. மின்விசைப் பலகை ஒன்றில் முன்பே பதிந்த தாளத்தைத் தட்டிவிட்டால், வயலினும் குழலும் மேளமும் ஒருவர் விரலிலிருந்தே வந்துவிடுகின்றன. திருப்பலியில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுகிறோம். எந்தக் குரலும் மற்றொரு குரலுக்குச் செவிகொடுக்க வேண்டிய தேவை எழுவதில்லை. பல்குரல் இசையின் அறமோ அதற்கு நேர்மாறானது: தன் வரியைப் பாடிக்கொண்டே அடுத்தவர் வரியையும் கேட்க வேண்டும், கேளாதவர் சுருதி பிசகுவார். இப்பயிற்சியை இழந்த சமூகம், இசையில் மட்டுமன்று, பொதுவாழ்விலும் ஒருவரையொருவர் கேளாமலே கைத்தட்டவும் கல்லெறியவும் பழகிவிடுகிறது. செவியுடையோரை நோக்கி ஆண்டவர் விடுத்த அழைப்பு இவ்விடத்தில் நம் நினைவிற்கு வருவது தற்செயலன்று.

செய்யத்தக்கது பெரிதன்று. பங்கின் இளையோர் திங்களுக்கு ஒருமுறை கூடி, நல்ல ஒலிப்பதிவு ஒன்றை, நடுவே பேசாமல், முழுவதும் கேட்கலாம். ஒரே படைப்பின் இரு பதிவுகளை ஒப்பிடலாம். திருவாசகத் தட்டையே முதலில் எடுத்துக்கொள்ளலாம்; ஆங்கில வரிகளைப் பற்றி நாம் சொன்னதை மறுக்க விரும்புவோர் அதனைக் கேட்டபின் மறுக்கட்டும்; அம்மறுப்பை இவ்விதழ் மகிழ்வுடன் வெளியிடும். 1893 முதல் சென்னையில் இயங்கிவரும் மதராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற பாடகர் குழுவைக் கேட்கும் வாய்ப்பு வந்தால் தவறவிடாதிருக்கலாம். மும்பையில் 2006-இல் தொடங்கிய இந்தியச் சிம்பொனி இசைக்குழுவின் இசையைக் கேட்கப் பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துச் செல்ல வசதியுடையோர் முன்வரலாம்.

'வேலியண்ட்' என்றேனும் நம் ஊர்ப்பக்கம் ஒலிக்கும் நாள் வரலாம். அன்று சாம்பவர் வடகரையிலிருந்தும் சுரண்டையிலிருந்தும் செல்வோர் முன்கூட்டியே புகழ்மாலை தொடுத்துக்கொண்டு செல்லாமல், நான்கு பகுதிகளையும் பொறுமையோடு கேட்டு, இரண்டாம் பகுதி பிடித்தது, மூன்றாவது பிடிக்கவில்லை, காரணம் இது என்று வீட்டுக்கு வந்து சொல்லக்கூடியவர்களாகச் செல்ல வேண்டும். அந்த முதிய கலைஞருக்கு நாம் அளிக்கக்கூடிய மரியாதை அதுவே.